நில்லாத பெடலும் பொல்லாத நம்பிக்கைகளும்

2022 இல் பெற்றோல் வரிசைகள் தெருத்தெருவாக நீண்டபோது, கோடிப்புறத்தில் துருவேறிக் கிடந்த சைக்கிள்கள் மட்டக்களப்பு வீதிகளுக்கு மறுபடி இறங்கின. எரிபொருள் வந்ததும் பல பழைய இடத்துக்கே போய்விட்டன. அப்படி மிஞ்சிய றலி, லுமாலா பிறேம் ஒன்றைப் பார்த்து, ‘இதை ஒரு பிக்சி ஆக்கினால் என்ன?’ என்று நினைக்கிற பொடியனுக்கு ஆலோசனைக்குக் குறைவே இல்லை. கைபேசிக் காணொளி ஒன்று சொல்லும், சைக்கிள் கடைக்காரர் வேறொன்று சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டையும் மறுப்பார்.

பிக்சி என்கிற பிக்ஸ்ட் கியர் சைக்கிளில் பிறீவீல் கிடையாது. பின் பற்சக்கரம் ஹப்போடு இறுகியிருக்கும். சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்தி ஓய்வெடுக்க வழியில்லை. சைக்கிள் பந்தய அரங்கில் வளர்ந்த வடிவம் இது. சரிந்த பலகைத் தளம், எதிர்க்காற்று இல்லை, மணல் இல்லை, வீதியில் படுத்து அசைபோடும் மாடு இல்லை. இதைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை அந்த அரங்குக்கு உண்மை. சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவியின் இரு கரைகளிலும் ஓட வேண்டிய வண்டிக்கு அவற்றில் பல பொருந்தாது.

முதலில் ஒரு சின்னப் பொய்யைத் தள்ளிவிடலாம்: பிக்சி நேற்று வந்த வெளிநாட்டுப் பாசன் என்பது. 1885 இல் இங்கிலாந்தின் கொவென்றியில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செய்த ‘றோவர்’ இன்றைய சைக்கிளின் நேரடி மூதாதை. அதில் பிறீவீல் இல்லை. பிறீவீல் பரவலானது 1900 ஐ ஒட்டித்தான். டூர் டி பிரான்ஸ் போட்டியில் தொழில்முறை வீரர்களுக்குக் கியர் மாற்றும் பொறி 1937 வரை மறுக்கப்பட்டிருந்தது. ஆக, சைக்கிளின் பால்ய வடிவமே இதுதான்.

“வெல்டு வெச்சா முடிஞ்சி போச்சி மனே”

ஆபத்தான நம்பிக்கை இங்கே தொடங்குகிறது. பழைய பிறீவீலின் உள்ளிருக்கும் நாய்ப்பல் அசையாதபடி வெல்டு வைத்துவிட்டால் அது பிக்ஸ்ட் ஆகிவிடும் என்பது பல திருத்தும் கடைகளின் கணக்கு. முன்னுக்கு மிதிக்கும்போது கணக்குச் சரிதான். பின்னுக்கு அழுத்தும்போது பிழைக்கும்.

பிறீவீல் ஹப்பில் ஏறும் மரை வலஞ்சுழியாக இறுகுவது. முன்னோக்கி மிதிக்க மிதிக்க அது தானாகவே இறுகிக்கொள்ளும். சாதாரண சைக்கிளில் பின்னுக்கு மிதித்தால் பிறீவீல் சும்மா சுற்றும், மரைக்கு வேலையில்லை. வெல்டு வைத்த பிறீவீலிலோ வேகத்தைக் குறைக்கப் பின்னுக்கு அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்த மரை கழரும் திசையில் விசை விழுகிறது. என்றாவது ஒருநாள், பெரும்பாலும் அவசரமாக நிறுத்த வேண்டிய அன்றே, அது சுழன்று கழன்று வரும். அந்தக் கணத்தில் சைக்கிளுக்குப் பின் பிறேக்கும் இல்லை, பிக்ஸ்ட் கியரும் இல்லை.

பந்தய அரங்கு ஹப்பில் இதற்கு மாற்று இருக்கிறது. பற்சக்கரம் ஏறும் வலது மரைக்கு வெளியே, சற்றுச் சிறிய விட்டத்தில், எதிர்த்திசையில் இறுகும் இடது மரை ஒன்று வெட்டப்பட்டிருக்கும். அதில் லொக் நட் ஏறும். பற்சக்கரம் கழர முயன்றால் லொக் நட் மேலும் இறுகும். பிக்சி கட்டுகிறவர் காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் இந்த ஹப்தான். நிறம் பூசிய றிம்மும் மினுங்கும் ஹாண்டிலும் பிறகு வரலாம்.

சில கெட்டிக்காரர் இன்னொரு வழி சொல்வார்கள்: பெடல் அச்சின் கிண்ணத்தை இறுக்கும் வளையத்தை எடுத்து, ஹப்பில் பற்சக்கரத்துக்கு வெளியே பூட்டிவிடலாம் என்று. இரண்டுக்கும் பொதுவாக மரை அளவு ஒன்றே, 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. ஆகவே ஏறும். ஆனால் அதுவும் அதே வலது மரை. இரண்டும் சேர்ந்தே கழரலாம். முன் பிறேக் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் தற்காலிகமாக ஓட்டிப் பார்க்கலாம் என்கிற அளவுக்குத்தான் இதை நம்பலாம்.

புதிதாக வந்த, பல கியர் போட்ட அலுமினியப் பிறேம்தான் பிக்சிக்குச் சிறந்தது என்ற எண்ணமும் தலைகீழ். அந்தப் பிறேம்களில் பின் சில்லு உட்காரும் பிளவு பெரும்பாலும் கீழ்நோக்கிச் செங்குத்தாக இருக்கும். செயின் தளர்ந்தால் சில்லைப் பின்னுக்கு இழுத்து இறுக்க இடமில்லை. கியர் வண்டியில் அந்த வேலையைச் செயின் இழுக்கும் கை பார்த்துக்கொள்ளும், பிக்சியில் அந்தக் கை இல்லை. அப்பாவோ வாப்பாவோ ஓட்டிய பழைய உருக்குப் பிறேமில் பிளவு கிடையாக இருக்கும். சில்லை முன்பின் நகர்த்திச் செயினை அளவாக்கலாம். பாரம் கூடுதல்தான். சமதரையில் இரண்டு மூன்று கிலோ பாரத்தைக் கால் பெரிதாகப் பொருட்படுத்தாது.

பழைய பிறேமில் கவனிக்க வேண்டியது கொட்டர் பின். கிறாங்கை அச்சோடு பிடித்திருக்கும் அந்த ஆப்புக்குச் சாதாரண வண்டியில் ஒரு பக்க விசைதான். பிக்சியில் முன்னும் பின்னுமாக மாறி மாறி அடிபடும். சதுர அச்சுக் கிறாங்குக்கு மாற்றிவிடுவது நல்லது.

“28 எண்டா 28தானே”

இல்லை. சைக்கிள் ரயரில் அச்சடித்த அங்குல அளவைப்போலக் குழப்பம் தரும் எண் வேறில்லை.

பழைய றலியின் 28 × 1½ ரயர் உட்காரும் றிம்மின் விட்டம் 635 மில்லிமீற்றர். இன்றைய பந்தய, பிக்சி றிம்களின் ‘700 சீ’ அளவு 622 மில்லிமீற்றர். இதையும் சில நாடுகளில் 28 அங்குலம் என்றே எழுதுகிறார்கள். வித்தியாசம் 13 மில்லிமீற்றர். ஒன்றின் ரயர் மற்றதில் ஒருபோதும் சரியாக உட்காராது. 26 இலும் இதே கதை. சாதாரண 26 × 1⅜ க்கு 590, மலைச் சைக்கிளின் 26 க்கு 559. பாவித்த ஜப்பான் சைக்கிள் வாங்கியவர் கதை இன்னும் மோசம்: அங்குள்ள 27 × 1⅜ றிம் 609, பழைய பந்தயச் சைக்கிளின் 27 × 1¼ றிம் 630. பெயரில் கால் விரற்கடை வித்தியாசமும் தெரியாது, விட்டத்தில் 21 மில்லிமீற்றர் தெரியும்.

தீர்வு ரயரின் பக்கச் சுவரிலேயே இருக்கிறது. 40-635, 32-622 என்று சின்ன எழுத்தில் ஓர் இரட்டை எண் பதிந்திருக்கும். முன்னது ரயரின் அகலம், பின்னது றிம் விட்டம். கடையில் அங்குலத்தைச் சொல்லிக் கேட்பதை விட்டு, பின்னெண்ணைச் சொல்லிக் கேட்டால் திரும்பிப் போகும் பயணம் மிச்சம்.

635 ஐ விட்டு 622 க்கு மாறுவதா? கூடும் என்றால் மாறலாம். 622 இல் ரயர்த் தெரிவு மிக அதிகம். ஆனால் றிம் ஆறரை மில்லிமீற்றர் உள்ளே போவதால் பழைய கம்பிப் பிறேக் பொருந்தாது. நீண்ட கையுள்ள பிறேக் தேட வேண்டும். மாறாமல் 635 இலேயே இருப்பவருக்கு ஓர் இலாபம்: சந்தியிலுள்ள சைக்கிள் கடையிலேயே ரயர் கிடைக்கும்.

“ஒடுங்கிய ரயர், கல்லுப்போலக் காற்று”

பிக்சிக்காரர் மனத்தில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இதுதான்: 23 மில்லிமீற்றர் ரயர் போட்டு, பம் ஏறமாட்டேன் என்னும்வரை அடித்தால் வேகம் பறக்கும். பலகைத் தளத்தில் பறக்கும். அங்கே நசுங்காத ரயர் சக்தியைக் குறைவாகத்தான் வீணாக்கும்.

வீதியில் வேறொரு கணக்கு ஓடுகிறது. ரயர் உருளும்போது சக்தி இரண்டு வழியில் போகிறது. ஒன்று, இறப்பர் நசுங்கி நிமிர்வதில். மற்றது, சின்னச் சின்னக் கற்களும் வெடிப்புகளும் ஓட்டுபவரையும் வண்டியையும் மேலே தூக்கிப் போடுவதில். காற்றைக் கூட்டினால் முதலாவது குறையும், இரண்டாவது ஏறும். புதிய காப்பெற் வீதியில் ஓரளவு கூடிய காற்றுத் தாங்கும். தார் உரிந்த உள்வீதியிலும் கிறவல் வீதியிலும் கல்லான ரயர் வேகத்தைத் தின்னும், முதுகையும் தின்னும். ஒரே காற்றழுத்தத்தில் அகன்ற ரயர் ஒடுங்கியதைவிட இலேசாக உருளும் என்பதும் அளந்து கண்ட உண்மை. அது நீளவாக்கில் குறைவாகவே நசுங்குகிறது. ஐரோப்பியத் தொழில்முறை வீரர்களே 23 இலிருந்து 25 க்கும் பிறகு 28 க்கும் நகர்ந்துவிட்டார்கள்.

ரயர் எவ்வளவு தரையைப் பிடிக்கும் என்பதை மனக்கணக்காகவே போடலாம். ஓட்டுபவரும் வண்டியுமாக 82 கிலோ என்றால் பின் சில்லில் ஏறத்தாழ 48 கிலோ, அதாவது 106 இறாத்தல். சதுர அங்குலத்துக்கு 110 இறாத்தல் காற்று அடித்திருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஒரு சதுர அங்குலமும் இல்லை. 60 இறாத்தல் என்றால் ஒன்றே முக்கால். 35 க்கு இறக்கினால் மூன்று. நாவலடிப் பக்கத்து மணல் ஒழுங்கையில் சில்லு புதைவதும் மேலே மிதப்பதும் இந்தப் பரப்பைப் பொறுத்ததுதான். ஒடுங்கிய ரயரில் 35 இறாத்தலோடு ஓட முடியாது. கல்லில் ஏறினால் றிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ரியூப் கடிபட்டு, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். அகன்ற ரயரில் ஓடலாம்.

எனவே வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று பிரதான வீதியோடு போய் வருபவருக்கு 32 மில்லிமீற்றர் போதும். 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இறங்கி, மேற்குக் கரையான படுவான்கரையின் வயல் வீதிகளிலும் ஓட நினைப்பவருக்கு 35 அல்லது 38 வேண்டும். 70 கிலோ உடம்புக்கு முன்னே 40, பின்னே 55 இறாத்தல் என்று தொடங்கி, வீதிக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். வாங்கும் முன் பிறேமின் பின்கவைக்குள்ளும் முன் போர்க்குக்குள்ளும் அந்த அகலம் உரசாமல் சுற்றுமா என்று பார்க்க வேண்டும். பழைய றலிப் பிறேமில் இந்தக் கவலை வராது. பந்தய அரங்குப் பிறேமில் நிச்சயம் வரும்.

காற்றை அளப்பதில் ஒரு சிக்கல். நம் ஊர் ரியூப்களில் உள்ள, சிறிய இறப்பர்க் குழாய் போட்ட பழைய வகை வால்வில் அழுத்தமானி வைத்து அளக்க முடியாது. பெருவிரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் அதனால் வந்தது. பெருவிரலுக்கு 60 உம் 90 உம் ஒன்றுபோலத்தான் தெரியும். மோட்டார் சைக்கிள் வால்வுள்ள ரியூப் கிடைத்தால் அதையே போடுவது மேல்.

கல்லுப்போல அடித்தால் முள் ஏறாது என்பதும் தவறு. நெருஞ்சி முள்ளுக்கும் வாவிக்கரையின் மட்டி ஓட்டுத் துண்டுக்கும் இறுகிய ரயரும் ஒன்றே, இளகிய ரயரும் ஒன்றே. சொல்லப்போனால் இளகியது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். முள்ளைத் தடுப்பது ரயரின் நடுவே உள்ள தடித்த இறப்பரும் காப்புப் பட்டியும்.

இன்னொன்று, மொட்டை ரயர். வெட்டு இல்லாத வழுவழு ரயர் மாரி மழையில் சறுக்கும் என்று பயப்படுகிறார்கள். காருக்கு அந்தப் பயம் நியாயம். அகன்ற தட்டையான ரயருக்கும் வீதிக்கும் நடுவே தண்ணீர் சிக்கிச் சில்லு மிதக்கும். விமானச் சில்லுகளுக்காக அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1960 களில் வகுத்த சூத்திரத்தில் 60 இறாத்தல் காற்றைப் போட்டுப் பார்த்தால், அப்படி மிதக்க மணிக்கு ஏறத்தாழ 129 கிலோமீற்றர் வேகம் வேண்டும். கல்லடிப் பாலத்தில் எந்தப் பிக்சியும் அந்த வேகம் போகாது. நனைந்த தாரில் வழுவழு ரயர்தான் அதிக இறப்பரைத் தரையில் வைக்கிறது. வழுக்குவது வேறு இடங்களில்: வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, மரப்பலகை, சேறு. சேற்றிலும் சரளையிலும் மட்டும் வெட்டுக்கு வேலை உண்டு.

மேடில்லாத ஊரும் கச்சானும்

மலை ஏறத் தேவையில்லாத ஊர், ஆகவே முன்னே பெரிய பல், பின்னே சின்னப் பல் என்று தீர்மானிப்பவர்கள் கச்சானை மறந்துவிடுகிறார்கள். நடுவெயில் மாதங்களில் மேற்கிலிருந்து அனலாக வீசும் அந்தக் காற்று படுவான்கரைக்குப் போகிறவனுக்கு ஒரு மலைதான். 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவருக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்று என்றால், காற்றின் தடை நாலு மடங்காகும். மாரியில் வாடை வேறு திசையிலிருந்து அதையே செய்யும்.

48 க்கு 16 என்றால் ஒரு மிதிப்புச் சுற்றுக்கு ஏறத்தாழ ஆறரை மீற்றர். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் 31 கிலோமீற்றர் வேகம். எதிர்க்காற்றில் அந்த 80 வராது, முழங்கால்தான் நோகும். 44 க்கு 18 போட்டால் அதே 80 சுற்றில் 25 கிலோமீற்றர். ஊருக்குள் அதற்கு மேல் யாருக்கு வேண்டும்?

இதில் ரயருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பின்சில்லைப் பூட்டிச் சறுக்கி நிறுத்துபவர்கள் பெரும்பாலும் ஒரே காலை முன்னே வைத்து, பெடல் கிடையாக இருக்கும்போதுதான் பூட்டுவார்கள். பற்களின் விகிதத்தைச் சுருக்கினால் கீழே வரும் எண், ரயரில் எத்தனை இடங்கள் தேயும் என்பதைச் சொல்லும். 48/16 சுருங்கினால் 3/1. ஒரேயொரு இடம்! எப்போது சறுக்கினாலும் ரயரின் அதே புள்ளி தேய்ந்து, சில கிழமைகளில் நூல் தெரியும். 44/18 சுருங்கினால் 22/9, தேய்மானம் ஒன்பது இடங்களில் பகிரப்படும். 46/17 சுருங்காது, பதினேழு இடங்கள். ஒரு பல்லைக் கூட்டிக் குறைப்பதில் ஒரு ரயரின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

“காலே பிறேக்”

இது பிக்சிக்காரரின் பெருமைப் பேச்சு. பௌதிகம் இதற்குப் பணியாது. நிறுத்தும்போது பாரம் முன்னுக்குச் சாய்கிறது, பின்சில்லு இலேசாகிறது, இலேசான சில்லு தரையைப் பிடிக்காமல் சறுக்குகிறது. எவ்வளவு பலமான கால் என்றாலும் பின்சில்லால் மட்டும் கிடைக்கும் நிறுத்தம் முன் பிறேக்கின் பாதியளவுதான். 25 கிலோமீற்றர் வேகத்தில் காய்ந்த தாரில் முன் பிறேக் நல்லபடி பிடித்தால் ஐந்து மீற்றரில் நிற்கலாம். பின்சில்லு மட்டும் என்றால் பத்து மீற்றர். மாடு குறுக்கே நிற்பது ஏழாவது மீற்றரில் என்றால் வித்தியாசம் விளங்கும்.

2016 பெப்ரவரியில் இலண்டன் தெருவொன்றில் முன் பிறேக் இல்லாத அரங்குச் சைக்கிள் ஒன்று மோதி ஒரு பெண் இறந்தார். ஓட்டிய இளைஞனுக்கு 2017 இல் 18 மாதத் தடுப்புத் தண்டனை கிடைத்தது. பிரித்தானியச் சட்டம் பிக்ஸ்ட் சில்லைப் பின் பிறேக்காக ஏற்றுக்கொள்கிறது. முன் பிறேக்கை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மார்கழி மழையில் பழைய சைக்கிளின் குறோம் பூசிய உருக்கு றிம்மில் இறப்பர்க் கட்டை அநேகமாகப் பிடிக்கவே பிடிக்காது. அந்த நேரத்தில் பெடல் வழியே வரும் நிறுத்தம் நனைவதில்லை. அலுமினிய றிம்மும் முன் பிறேக்கும், பின்னே பிக்ஸ்ட் சில்லும் சேர்ந்தால் மழைக்காலத்துக்கு நல்ல கூட்டு. காலில் செருப்போடு ஓட்டுவது மட்டும் ஆகாது. வேகத்தில் கால் நழுவினால் சுழலும் பெடல் கணுக்காலைத் தேடி வந்து அடிக்கும். பெடலில் பட்டி கட்டாயம்.

வெயிலும் உப்பும்

வெயிலில் விட்டால் ரயர் வெடிக்கும், ஆகவே காற்றைத் திறந்துவிட வேண்டும் என்பது மட்டக்களப்பு வெயிலில் பிறந்த நம்பிக்கை. 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால் 60 இறாத்தல் காற்று ஏறத்தாழ 67 ஆகும். நல்ல ரயரை அது வெடிக்க வைக்காது. வெடிப்பவை பக்கச்சுவர் வெடித்த பழைய ரயர்களும், றிம்மில் ஓரம் சரியாக உட்காராத ரயர்களும். அவை நிழலிலும் வெடிக்கும். வெயில் செய்யும் உண்மையான கேடு மெதுவானது: புறஊதாக் கதிரும் ஓசோனும் இறப்பரைக் காயவைத்து வெடிப்பு விழ வைக்கின்றன. நிழலில் நிறுத்துவது அதற்காகத்தான்.

அலுமினியம் துருப்பிடிக்காது, ஆகவே உப்புக்காற்றுக்குப் பயமில்லை என்பதும் பாதி உண்மை. அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பீரம் பட்டால் இரண்டுக்கும் நடுவே மின்வேதித் தாக்கம் நடக்கும். உருக்குப் பிறேமுக்குள் செருகிய அலுமினிய சீற் கம்பி இரண்டு மாரிக்குப் பிறகு கழராமல் ஒட்டிப்போவது அதனால்தான். கட்டும்போதே கிறீஸ் பூசி, வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மறுபடி பூசினால் போதும். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் ‘பாதை’ என்கிற மிதவையில் சைக்கிளை ஏற்றிப் போகும்போது தெறிக்கும் வாவித் தண்ணீரும் உவர்தான். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

செயினுக்கு எண்ணெயை வழிய விடுவது இன்னொரு பழக்கம். மணல் ஊரில் வழியும் எண்ணெய் மணலைப் பிடித்து அரைக்கும் மாவாகிவிடும். துளித்துளியாக விட்டு வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். பிக்சியில் செயின் அறுந்தோ கழன்றோ பல்லுக்குள் சிக்கினால் பின்சில்லு பூட்டிக்கொள்ளும். ஆகவே செயினின் இறுக்கம் அளவாக இருக்க வேண்டும்: அதை நடுவில் விரலால் தூக்கினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் மேலும் கீழும் அசைய வேண்டும். முன் பற்சக்கரம் முழு வட்டமாக இருப்பது அபூர்வம் என்பதால், பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, செயின் எங்கே மிக இறுகுகிறதோ அங்கே வைத்து இந்த அசைவை அளந்து, பிறகு அச்சு நட்டை இறுக்க வேண்டும்.